பண்பை எண்ணாக்கல்: சில ஐயங்கள்

ஜாசின் மாவட்டத்தில், லேடாங் மலை கண்ணுக்குத் தெரியும் நியாலாஸ் வட்டாரத்தில் பால்மரக் காடு செழித்திருந்த நாட்களை அறிந்தவர்களுக்குப் பால் நிறுக்கும் கொட்டகை மறந்திராது. நெரையை முடித்து, மங்குகளில் இருந்த பாலைத் திரட்டி, காண்டாவில் வாளி தொங்க வருவோர் அங்கே வரிசையில் நிற்பர். கிராணி நிறையைப் புத்தகத்தில் ஏற்றுவார். ஆயின் நிறை மட்டும் போதாது. வாளியில் உள்ளது பாலா, பாதி தண்ணீரா என்பதை எவ்வாறு அறிவது? அதற்காகவே மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி ஒன்று இருந்தது. பாலில் சிறிது மொண்டு, அளவாக நீர் சேர்த்து, அதில் கருவியை விடுவர். ரப்பர் நீரைக் காட்டிலும் இலேசான பொருள். ஆகவே பால் கெட்டியாயிருந்தால் கருவி ஆழ இறங்கும், நீர்த்திருந்தால் மேலே நிற்கும். தண்டிலுள்ள கோட்டைப் படித்துக் கணக்கிட்டால் நூறு பங்கு பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்பது வந்துவிடும். பொதுவாக அது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் நிற்கும்.

‘கெட்டி’ என்பது ஒரு பண்பு. ‘முப்பத்தாறு’ என்பது ஓர் எண். பண்பு எண்ணாகிவிட்டது. இதைக் கண்டு யாரும் தத்துவ விசாரம் செய்ததில்லை. கூலியில் குறைந்தபோது சண்டை போட்டார்கள், அவ்வளவே. அச்சண்டையைத் தீர்க்கவும் வழி இருந்தது. அதே பாலில் ஒரு பங்கை எடுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, உருட்டி, உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் கருவி சொன்னது மெய்யா பொய்யா என்பது வெளிப்படும். மரத்தின் இனம், பருவம், பாலில் சேர்ந்த மருந்து ஆகியவற்றால் கருவி பிழைபடுவதுண்டு. ஆனால் பிழையைக் காட்ட ஓர் உலர் அடுப்பு இருந்தது.

சமூக ஆராய்ச்சியாளர் இன்று செய்வதும் ஏறக்குறைய இதே காரியந்தான். வறுமை, கல்வித் தரம், மனநிறைவு, சாதி மனப்பான்மை, தாய்மொழிப் பற்று ஆகிய பண்புகளை அவர்கள் வினாப்படிவங்களில் மொண்டெடுத்து, கருவி ஒன்றை அதில் மிதக்கவிட்டு, ஓர் எண்ணைப் படித்துச் சொல்கிறார்கள். இம்முறைகளைத் தமிழில் விளக்கும் நூல்களும் பயிற்சிக் கட்டுரைகளும் இப்போது மிகுந்து வருகின்றன; தமிழாசிரியர்கள் பலர் மேற்பட்டத்துக்காக இவற்றைக் கைக்கொள்கின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் இவற்றைப் படிக்குந்தோறும் எமக்கு எழும் கேள்வி ஒன்றுண்டு: இங்கே உலர் அடுப்பு எங்கே? மனிதரின் வறுமையை உலர்த்தி நிறுத்துப் பார்க்கும் தராசு எதுவும் இல்லையென்றால், கருவி சொன்னதை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

இக்கேள்விக்கு விடை தேட மேல்நாட்டு உதாரணங்களை நாட வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் மீதே இச்சோதனை நடத்தப்பட்டிருக்கிறது.

1920-களில் மலாயா அரசாங்கம் தோட்டத் தமிழர்க்கு ‘நியாயக் கூலி’ எது என்று தீர்மானிக்க முற்பட்டது. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் பின் இந்திய அரசாங்கம் கூலி விஷயத்தில் வற்புறுத்தத் தொடங்கியிருந்தது. மலாயாவில் அதன் பிரதிநிதி ஒருவரும் வந்து அமர்ந்தார். ஆகவே, துரைமார் கொடுப்பதே கூலி என்னும் பழைய முறைக்குப் பதிலாக, ஒரு தொழிலாளி வாழ எவ்வளவு வேண்டும் என்பதைப் பட்டியல் போட்டுக் கணக்கெடுக்கும் முறை வந்தது. அரிசி இத்தனை, துணி இத்தனை, வீட்டுச் சாமான் இத்தனை, பண்டிகைக்கு இத்தனை என ஒரு மாதிரி வரவு செலவுக் கணக்கு தயாராயிற்று. அதன் பேரில் 1928 அளவில், போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றும், பகாங் உட்பகுதி போன்ற தொலைவிடங்களில் 58 காசு, 46 காசு என்றும் நிர்ணயம் ஆயிற்று. சட்டப்படி இது சில வட்டாரங்களுக்கே உரியதாயினும், பிற இடங்களிலும் இதுவே பேச்சு வழக்கில் அளவுகோலாயிற்று.

இக்கணக்கை இகழ்ந்து பேசுவது எளிது. இகழ்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாழ்வின் தரம் என்னும் பிடிபடாத பொருளை, எவரும் வாதிடக்கூடிய ஒரு பட்டியலாக மாற்றிய முதல் முயற்சி அது. பட்டியல் என்று ஒன்று இருந்ததனாலேயே, ‘இது விடுபட்டது, அது குறைந்தது’ என்று இந்தியப் பிரதிநிதி எதிர்வாதம் செய்ய முடிந்தது. பட்டியலே இல்லாத காலத்தில் யாரிடம் எதைச் சொல்லி வாதாடுவது?

ஆனால் பட்டியலின் உள்ளே நுழைந்தால் மூன்று ஐயங்கள் எழுகின்றன. இந்த மூன்றும் இன்றைய குறியீட்டெண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பதே எம் கருத்து.

முதலாவது, பெண்ணின் கூலி. ஆணின் ஐம்பதில் நாற்பது என்றால் ஐந்தில் நான்கு பங்கு. பால்வெட்டில் பெண் வெட்டிய மரம் ஐந்தில் நான்கு பங்கு பால் கொடுத்ததா? அவள் வயிறு ஐந்தில் நான்கு பங்கா? இந்த விகிதம் எந்த அளவிலிருந்தும் வந்ததன்று. ஒரு வழக்கத்திலிருந்து, ஓர் அபிப்பிராயத்திலிருந்து வந்தது. ஆயினும் பட்டியலுக்குள் நுழைந்து எண்ணின் உடையை உடுத்திக்கொண்ட பின், அரிசி விலையைப் போலவே அதுவும் ஓர் உண்மை போலத் தோற்றமளித்தது. அபிப்பிராயம் எண்ணாகும்போது அதன் பிறப்பு மறைந்து போகிறது. ஆராய்ச்சியாளர் முதலில் அஞ்ச வேண்டியது இதற்கே.

இரண்டாவது, 1930-இல் நடந்தது. ரப்பர் விலை சரிந்தது. நிர்ணயக் கூலி இருபது சதவீதம் வெட்டப்பட்டு ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு ஆயிற்று. மந்தம் முற்றியபோது இன்னும் இறங்கிற்று. அரிசி விலையும் அப்போது இறங்கியது உண்மையே. அதை மறைப்பது நேர்மையன்று. ஆயின் கூலி வெட்டுக்குக் காரணமாயிருந்தது உலகச் சந்தையில் ரப்பரின் நிலைதான். தேவையை அளப்பதாகச் சொல்லித் தொடங்கிய கணக்கு, அளப்பவரின் பணப்பையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 1936 இறுதியில் மலாயா வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 50, 40 என்னும் பழைய அளவையே திரும்பக் கொடுக்கும்படி பரிந்துரைத்தார். 1938-இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறுவதையே நிறுத்திவிட்டது.

மூன்றாவது ஐயந்தான் மிகப் பெரியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. கூலி உயர்வு, சீனத் தொழிலாளர்க்குச் சமமான ஊதியம் ஆகியவற்றோடு தொழிலாளர் இன்னொன்றையும் கேட்டார்கள்: வழியில் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். மாதிரி வரவு செலவுக் கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு ஒரு வரி அதில் கிடையாது. அரிசிக்கு வரி இருந்தது, பண்டிகைக்கு வரி இருந்தது, சைக்கிளிலிருந்து இறங்குவதற்கு இல்லை. கணக்கெடுத்தவர்கள் கெட்டவர்கள் என்பதனால் அன்று. எண்ணாக்க இலகுவானதை மட்டும் எண்ணினார்கள் என்பதனால். மக்களைத் தெருவுக்கு இழுத்து வந்த காரணங்களில் ஒன்று பட்டியலுக்கு வெளியே இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். மலேசியாவில் வறுமைக்கோடு 1977 முதல் இருந்து வருகிறது. 2016-இல் அது ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி. அக்கோட்டின்படி நாட்டில் வறியவர் 0.4 சதவீதமே. ஏறக்குறைய வறுமையே ஒழிந்துவிட்டது என்று பெருமையோடு பேசப்பட்டது. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வறுமை விசாரணையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, இந்த எண் நம்பத்தக்கதன்று, உண்மையில் 16 முதல் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று சொல்லிச் சென்றார். மறுப்புகள் எழுந்தன. ஆனால் 2020 ஜூலையில் புள்ளிவிவரத் துறையே கோட்டைத் திருத்தி, 2019-க்குரிய அளவு 2,208 வெள்ளி என்று அறிவித்தது. வறியவர் 5.6 சதவீதம் ஆயினர்; நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

வாசகர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புதிய முறையை 2016-க்கும் போட்டுப் பார்த்தபோது அவ்வாண்டின் வறுமை 7.6 சதவீதம் என்று வந்தது. அதே ஆண்டு, அதே குடும்பங்கள், அதே சமையலறை; பழைய கோட்டில் 0.4, புதிய கோட்டில் 7.6. நியாலாஸிலோ ஆசகானிலோ எவரும் ஒரே இரவில் ஏழையாகிவிடவில்லை. மாறியது என்ன? பெரும்பாலும் உணவுக் கூடைதான். உயிர் தரிக்கப் போதுமான உணவு என்பதற்குப் பதிலாக, உடல்நலத்தோடு வாழத்தக்க உணவு என்று கூடையை நிரப்பினார்கள். உணவல்லாத செலவினங்களையும் இக்காலத்துக்கேற்பத் திருத்தினார்கள். ‘வாழ்தல்’ என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருள் மாறியது; அதனால் எண் மாறியது. தமிழாசிரியர்களுக்கு இது வியப்பாயிராது. சொற்பொருள் மாறினால் பாட்டின் பொருள் மாறுவதை நாள்தோறும் வகுப்பில் காண்கிறோமல்லவா?

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய முறையிலேயே ஒப்பிட்டால் 2016-க்கும் 2019-க்கும் இடையில் வறுமை 7.6-இலிருந்து 5.6 ஆகக் குறைந்திருக்கிறது. அரசாங்கத்தைக் குறை சொல்ல விரும்புவோர் 0.4-இலிருந்து 5.6 ஆக ஏறிவிட்டது என்று மேடையில் பேசியதை யாம் கேட்டதுண்டு. இரு வேறு கருவிகளின் கோடுகளை ஒன்றாகப் படிப்பது பிழை. அப்பிழை நம் பக்கத்துக்குச் சாதகமாயிருந்தாலும் பிழையே.

வருமானம் மட்டும் போதாது என்று பல பரிமாண வறுமைக் குறியீட்டெண் என ஒன்றும் வகுக்கப்பட்டது. பதினோராவது மலேசியத் திட்டத்தில் அது இடம் பெற்றது. கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத் தரம், வருமானம் என நான்கு கூறுகள். அவற்றுள் பதினொரு குறிகள். நான்கு கூறுகளுக்கும் சம எடை. கேட்பதற்கு நடுவுநிலை போல இருக்கிறது. ஆயின் சம எடை கொடுப்பதும் ஒரு தீர்ப்பே. வாழ்க்கைத் தரம் என்னும் கூறில் ஆறு குறிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. வருமானம் தனியே ஒரு கூறாக அமர்ந்திருக்கிறது. ஆக, கழிப்பறை ஒன்றின் எடை வருமானத்தின் எடையில் ஆறில் ஒரு பங்கு. ஏன் ஆறில் ஒன்று? கூறுக்குள் ஆறு பேர் இருப்பதால். வேறு காரணமில்லை. 1990-இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண்ணை மஹ்பூப் உல் ஹக் கொண்டுவந்தபோது, அவர் நண்பர் அமர்த்திய சென் ஒரே எண்ணில் வாழ்வைச் சுருக்குவது முரட்டுத்தனம் என்று முதலில் தயங்கினார். தேசிய வருமானம் என்னும் முரட்டு எண்ணை எதிர்க்க அதைப் போலவே முரடான, ஆனால் குருடில்லாத இன்னோர் எண் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். சென் பின்னர் இசைந்தார். முரடு என்பதை ஒப்புக்கொண்டே செய்தார்கள். அதுவே அவர்களின் நேர்மை. நம்மவர் கட்டுரைகளில் இவ்வொப்புதலைத்தான் காண்பதற்கில்லை.

எடையிடுதலினும் கடினமான ஒரு கட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. அது மனிதர் வாயிலிருந்து வரும் சொல்லை எண்ணாக மாற்றும் கட்டம். இங்கேதான் தமிழறிந்தவரின் உதவி தேவைப்படுகிறது. இங்கேதான் அவர் கேட்கப்படுவதுமில்லை.

ரென்சிஸ் லைக்கர்ட் என்னும் அமெரிக்கர் 1932-இல் வகுத்த அளவுகோல் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து விடைகளுள் ஒன்றைக் கேட்பது. ஐந்து முதல் ஒன்று வரை எண் இடுவது. இதைத் தமிழில் பெயர்த்துக்கொண்டு ஓர் இளைஞர் பழைய தோட்டக் குடியிருப்பு ஒன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியிடம், “இப்போதைய வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா பாட்டி?” என்று கேட்கிறார். பாட்டி சொல்வது: “பரவாயில்லைய்யா.”

எந்த எண்? பரவாயில்லை என்பது நன்றாயிருக்கிறது என்றும் ஆகும். மோசமில்லை என்றும் ஆகும். கேட்டதற்கு நன்றி, போய் வா என்றும் ஆகும். இழப்பு வந்தபோது ஆறுதலாகவும் அதே சொல். உபசாரத்தை மறுக்கவும் அதே சொல். குரல் இறங்கினால் நான்கு இரண்டாகிறது. “ஏதோ ஓடுது” என்றால்? “பிள்ளைங்க பாத்துக்கிறாங்க” என்றால்? கடைசிச் சொன்னதில் திருப்தி இருக்கிறதா, தன் கையில் ஒன்றுமில்லை என்னும் வருத்தம் இருக்கிறதா? அவ்விளைஞர் மூன்று என்று வட்டமிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். மூன்று என்பது ‘நடுநிலை’. பாட்டி நடுநிலையாக எதையும் சொல்லவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, கையில் காகிதத்தோடு வந்து கேட்பவர் யாராயினும் கிராணியின் சாயல்தான். “ஆமாங்க” என்னும் விடை அங்கே உடன்பாட்டைக் குறிப்பதைவிட மரியாதையைக் குறிப்பதே அதிகம். இதை ஓரளவு கண்டுகொள்ள வழி உண்டு: ஒரே கருத்தை ஒரு முறை நேராகவும், வேறிடத்தில் எதிர்மறையாகவும் கேட்டுப் பார்ப்பது. இரண்டுக்கும் “ஆமாங்க” வந்தால் அந்த விடைகளை எண்ணுவதில் பயனில்லை. மேல்நாட்டு நூல்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டன. நம் ஆய்வேடுகளில் எத்தனையில் இது செய்யப்பட்டிருக்கிறது?

ரவீந்திர ஜெயின் என்னும் மானிடவியலறிஞர் 1960-களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். 1970-இல் வெளிவந்த நூலில் அத்தோட்டத்துக்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயரிட்டார். தோட்டச் சமூகத்தின் உள்ளமைப்பை, தண்டல், கிராணி, துரை என்னும் படிக்கட்டை அவர் விவரித்திருப்பதைப் படித்த பின், ஐந்தாங்க வினாப்படிவங்களைக் கொண்டு ‘தோட்ட மக்களின் மனப்பான்மை’ என்று தலைப்பிட்டு வரும் அட்டவணைகளைப் பார்த்தால், வாளியையே கொண்டு வராமல் மெட்ரோலாக்கை மட்டும் கொண்டு வந்தது போல இருக்கிறது. அங்கே வாழ்ந்து, பேச்சைக் கேட்டு, எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அறிந்த பின்னரே எண்ணிடத் தொடங்க வேண்டும். இதில் சுருக்கு வழி கிடையாது.

சரி, ஒருவர் மூன்று என்கிறார், இன்னொருவர் நான்கு என்கிறார். யார் சொல்வது சரி என்று காட்டும் உலர் அடுப்பு இல்லை. ஆயினும் இருவர் ஒத்துப்போகிறார்களா என்றாவது பார்க்கலாம். இது ஆசிரியர்களுக்குப் புதிதன்று. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு வந்த மதிப்பெண்களில் மேலதும் கீழதும் முப்பதுக்கு மேல் வேறுபட்டன. இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று எந்தத் திருத்துநரும் தனியே ஒப்புக்கொள்வார். கூட்டத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒத்துப்போவதிலும் ஒரு மாயம் இருக்கிறது. இருபது கட்டுரைகளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே படித்து ‘தேறும்’, ‘தேறாது’ என்று குறிக்கிறார்கள். பதினான்கில் இருவரும் ஒத்திருக்கிறார்கள். நூற்றுக்கு எழுபது, நல்ல உடன்பாடு என்று எழுதிவிடலாம். ஆனால் இருவருமே தாராள மனத்தவர். ஒவ்வொருவரும் இருபதில் பதினாறைத் தேறும் என்று போட்டிருக்கிறார்கள். கட்டுரையைப் படிக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்திருந்தால் எத்தனையில் ஒத்திருப்பார்கள்? தேறும் என்பதில் நூற்றுக்கு அறுபத்து நான்கு, தேறாது என்பதில் நான்கு, ஆக அறுபத்தெட்டு. இருபது கட்டுரையில் 13.6. படித்துப் பார்த்துப் பெற்ற உடன்பாடு பதினான்கு. படிக்காமல் பெறத்தக்கது 13.6. வாசிப்பினால் வந்த ஆதாயம் அரைக் கட்டுரைகூட இல்லை! ஜேக்கப் கோஹன் 1960-இல் வகுத்த கப்பா என்னும் அளவு இத்தற்செயலைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது. மேற்சொன்ன இரு ஆசிரியர்க்கும் அது 0.06 என்று வரும்; முழு உடன்பாடு என்றால் ஒன்று. பண்பை எண்ணாக்கும் எந்த ஆய்வும் இக்கணக்கைக் காட்டாமல் எம்மிடம் வந்தால், அதன் அட்டவணைகளைப் படிக்க யாம் அவசரப்படுவதில்லை.

இனி நம் வகுப்பறை. 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு வந்தபோது மாணவரை ஆறு படிகளில் நிறுத்தச் சொன்னார்கள். முதற்படி அறிதல், இரண்டாவது அறிந்து விளங்கிக்கொள்ளல், மூன்றாவது செய்யவும் இயலுதல். இது வரை ஒரே ஏணி. நான்காவது அதைப் பண்போடு செய்தல். ஐந்தாவது பாராட்டத்தக்க பண்போடு. ஆறாவது பிறர்க்கு முன்மாதிரியாக. இப்போது ஏணி திரும்பிவிட்டது. கீழ் மூன்று படிகள் திறமையை அளந்தன. மேல் மூன்று படிகள் ஒழுகலாற்றை அளந்தன. அருமையாகக் கவிதை எழுதும் குறும்புக்காரப் பையனுக்கு எந்தப் படி? எழுத்துக்கூட்டத் தடுமாறினும் எல்லார்க்கும் உதவும் பெண்ணுக்கு எந்தப் படி? இரண்டு பண்புகளை ஒரே கோட்டில் அடுக்கினால் அக்கோடு எதையும் அளப்பதில்லை. பின்னர் வந்த வகுப்பறை மதிப்பீட்டில் விளக்கங்கள் பாடந்தோறும் திருத்தப்பட்டன, யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் கைவிடப்பட்டது. ஆகவே ஆறு அடைவுநிலைகளின் பொறுப்பு முன்னிலும் கூடிவிட்டது.

அந்த அடைவுநிலைகளைக் கூட்டிச் சராசரி காணும் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். 1946-இல் ஸ்டீவன்ஸ் என்பவர் அளவுகளை வகைப்படுத்தியபோது, வரிசையை மட்டும் காட்டும் எண் வேறு, சம இடைவெளியைக் காட்டும் எண் வேறு என்று பிரித்தார். நான்கு மூன்றைவிட மேல் என்பது தெரியும். எவ்வளவு மேல் என்பது தெரியாது. மூன்றே மாணவர் உள்ள இரு வகுப்புகளை எண்ணிக்கொள்ளுங்கள். நம் சிறு தோட்டப் பள்ளிகளில் இது கற்பனையன்று. ஒன்றில் 3, 3, 4. மற்றதில் 1, 3, 5. சராசரியில் முதல் வகுப்பு மேல். இப்போது ஐந்தாம் நிலைக்கு 5 என்பதற்குப் பதில் 10 என்றும், ஆறாம் நிலைக்கு 12 என்றும் பெயரிடுவோம். வரிசை மாறவில்லை, ஒரு பிள்ளையும் ஒரு வரி கூடுதலாகக் கற்கவில்லை. ஆனால் முதல் வகுப்பின் கூட்டுத்தொகை 10, இரண்டாவதன் கூட்டுத்தொகை 14. மேல் கீழாயிற்று. பெயரை மாற்றினால் புரண்டுவிடும் முடிவை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிடலாமா? எந்த நிலையில் எத்தனை பேர் என்று எழுதினால் போதும். அதற்குச் சராசரி தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பின், ‘அப்படியானால் எண்ணே வேண்டாம், கதையாகவே சொல்லிவிடுவோம்’ என்று சில அன்பர்கள் கூறக்கூடும். இலக்கியப் பயிற்சி உள்ள நம்மவர்க்கு இது இனிக்கும். எமக்கு உடன்பாடில்லை. தோட்டங்கள் தனியார் நிலம் என்னும் ஒரே காரணத்தால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பல தோட்ட மக்களை எட்டாமலே போயின. அக்குறையை எடுத்துரைத்த கதைகளும் கவிதைகளும் நம்மிடம் நிறைய உண்டு. அவை நம்மை அழ வைத்தன, ஒதுக்கீட்டை மாற்றவில்லை. 980 வெள்ளிக் கோட்டை அசைத்தது அக்கோட்டின் கணக்கு பொருந்தாது என்று காட்டிய எதிர்க்கணக்கேயாகும். எண்ணை எண்ணால்தான் எதிர்க்க முடிந்தது. ஆகவே எண்ணாக்குவதை விடச் சொல்லவில்லை. எண் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்னும் தடத்தை அழிக்காதீர்கள் என்கிறோம்.

மலாக்காவிலிருந்து தொடங்க நினைப்போர்க்கு ஒரு சிறு வேலை. ஜாசின், மெர்லிமாவ் பக்கத்து ஆசிரியர் இருவர் இருபது மாணவர் கட்டுரைகளை எடுத்து, ஒருவர் குறித்ததை மற்றவர் பாராமல் நிலையிட்டு, மேலே காட்டியபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பிற்பகல் போதும். ஒத்துவராத கட்டுரைகளை மட்டும் எடுத்துவைத்து, ஏன் ஒத்துவரவில்லை என்று பேசி, அப்பேச்சைத் தமிழில் எழுதிவைத்தால் அதுவே ஒரு குறியீட்டு விளக்க ஏட்டின் முதற்பக்கமாகும். வீடுகளுக்குப் போகிற ஆராய்ச்சி மாணவர் தம் படிவத்தில் ஐந்து வட்டங்களுக்கு அருகே ஒரு பத்தியை வெறுமையாக விட்டு, பாட்டி சொன்ன ‘பரவாயில்லைய்யா’வை அப்படியே, குரல் ஏறியதா இறங்கியதா என்பதோடு அதில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு பத்திக்காக அச்சகத்தார் அதிகம் கேட்க மாட்டார்கள்.